செயற்கை நீலத்தின் வரலாறு: ஜெர்மன் சாயத் தொழிலும் வெளியறிவும், 1856–1901

புதிய பொருள்களை உருவாக்க விரும்பும் நிறுவனங்கள் தம் சொந்த ஆய்வோடு பல்கலைக்கழகங்களிலும் பிற தொழில்களிலும் பிறக்கும் அறிவையும் இணைத்துக்கொள்ள வேண்டும் என்னும் கருத்தை, 2003இல் ஹென்றி செஸ்ப்ரோ ‘திறந்த புத்தாக்கம்’ என்ற பெயரில் முன்வைத்தார். பெயர் புதியதே தவிர நடைமுறை பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் சாயத் தொழில் அதை நன்றாகவே அறிந்திருந்தது. வெளியறிவை விலைக்கு வாங்குவதற்கும் அதைச் சந்தைக்குரிய பொருளாக்குவதற்கும் இடையே எவ்வளவு தொலைவு உண்டு என்பதையும் அத்தொழிலின் வரலாறே மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

முதல் செயற்கைச் சாயங்களில் ஒன்றான ஊதா நிறச் சாயத்தை 1856இல் கண்டவர் ஆங்கிலேயரான வில்லியம் பெர்கின். ஆனால் அவருக்கு லண்டனில் வேதியியல் கற்பித்த ஹோஃப்மன் ஜெர்மானியர். ஹோஃப்மன் 1865இல் தாயகம் திரும்பினார். மான்செஸ்டர் சாய ஆலையொன்றில் ஏழாண்டுக் காலம் பணியாற்றிய ஹைன்ரிக் காரோ, 1868இல் லுட்விக்ஸ்ஹாஃபனில் இருந்த பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் சேர்ந்தார். தொடக்கக் காலத்தில் அறிவு, ஏட்டின் வழியாக வந்ததைவிட இத்தகைய மனிதர்களின் வழியாகவே மிகுதியாக வந்தது.

காரோ சேர்ந்த அதே ஆண்டில், பெர்லினில் அடால்ஃப் பேயரின் ஆய்வகத்தைச் சார்ந்த கிரேபே, லீபர்மன் ஆகியோர் அலிசரின் என்னும் செந்நிறச் சாயத்தை நிலக்கரித் தாரில் உள்ள ஆந்த்ரசீனிலிருந்து உருவாக்கினர். ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து எடுக்கப்பட்டதும், சோழமண்டலக் கரையின் துணிகளுக்குச் சிவப்பூட்டிய சாயவேரில் அமைந்திருப்பதும் இந்த அலிசரினே. அவர்கள் கண்ட முறைக்கு விலையுயர்ந்த புரோமின் தேவைப்பட்டதால் அது ஆலைக்கு ஒத்துவரவில்லை. கந்தக அமிலத்தைக் கொண்டு அதே பொருளைச் செய்யும் மலிவான முறையைக் காரோ கண்டபின், மூவர் பெயரிலும் 1869 ஜூன் 25 அன்று லண்டனில் காப்புரிமை கோரப்பட்டது. பெர்கினின் விண்ணப்பம் அதற்கு மறுநாள் பதிவாயிற்று.

அலிசரின் ஓராண்டில் கைகூடியது. நீலமோ பதினேழு ஆண்டுகளை விழுங்கியது. பேயர் 1880இல் நீலத்தை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டியதும் பி.ஏ.எஸ்.எஃப்., ஹோக்ஸ்ட் ஆகிய இரு நிறுவனங்களும் அவருடைய காப்புரிமைகளைப் பெற்றன. 1883இல் நீலத்தின் மூலக்கூற்று அமைப்பையும் அவர் தெளிவாக்கினார். ஆயினும் அவருடைய முறைகள் டொலுயீனை மூலப்பொருளாகக் கொண்டவை. தாரிலிருந்து கிடைத்த டொலுயீன் முழுவதையும் செலவிட்டாலும் உலகின் நீலத் தேவை நிறைவேறாது. வழியைத் திறந்தவர் இன்னொரு வெளியாளர்: சூரிக் பல்தொழில்நுட்பக் கல்லூரியின் கார்ல் ஹொய்மன், 1890இல் அனிலினிலிருந்து தொடங்கும் முறையொன்றையும், அதைவிட நல்ல விளைச்சல் தரும், ஆந்த்ரனிலிக் அமிலத்திலிருந்து தொடங்கும் முறையொன்றையும் கண்டார். அந்த அமிலத்தை மலிவாகப் பெறும் பொறுப்பு ஆலையுடையதாயிற்று. தாரில் மிகுதியாகக் கிடைத்த நாஃப்தலீனைக் கந்தக அமிலத்தால் ஆக்சிஜனேற்றும் முயற்சியின்போது வெப்பமானி உடைந்து பாதரசம் சிந்தியதாகவும், வினை விரைவுற்றதைக் கண்டு பாதரசத்தின் வினையூக்கத்தை அறிந்துகொண்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. இதைத் தற்செயல் என்று மட்டும் சொல்லிக் கடப்பது நியாயமாகாது. சிந்திய பாதரசத்தின் பொருளைப் படித்தறியக்கூடியவர்கள் அந்த ஆலையில் இருந்தார்கள். வினையில் வெளிப்பட்ட கந்தக டைஆக்சைடை மீண்டும் அமிலமாக்க, ருடால்ஃப் க்னீட்ச் அதே ஆலையில் செம்மைப்படுத்திய தொடுமுறை உதவியது. 1897இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபோது பி.ஏ.எஸ்.எஃப். ஏறத்தாழ 1.8 கோடி மார்க் செலவிட்டிருந்தது.

வெளியறிவின் மதிப்பை உணர்ந்து, அதைத் தன்வயமாக்கிப் பயன்படுத்தும் வல்லமையை 1990இல் கோஹனும் லெவிந்தாலும் ‘உள்வாங்கும் திறன்’ என்று அழைத்தனர். அது நிறுவனத்துக்குள் ஏற்கெனவே சேர்ந்துள்ள அறிவைப் பொறுத்து அமையும் என்பது அவர்கள் வாதம். பேயரின் காப்புரிமைகள் தரமுடியாததை இத்திறனே தந்தது. போட்டியாளரான ஹோக்ஸ்டின் வெற்றியும் இதே வழியில் வந்தது: தங்கப் பிரிப்புக்குரிய சயனைடு செய்வதற்காகச் சோடாமைடைக் கையாண்டுவந்த டெகுசா நிறுவனத்தின் யோஹன்னஸ் ஃப்ளேகர், 1901இல் அப்பொருளை ஹொய்மனின் கைவிடப்பட்ட முதல் முறையில் சேர்த்து, அதைப் பெருமளவு உற்பத்திக்கு ஏற்றதாக்கினார்; ஹோக்ஸ்ட் அம்முறையைக் கைக்கொண்டது.

இந்த வெற்றியின் விலையை இந்தியா கொடுத்தது. பீகாரிலும் வங்கத்திலும், சென்னை மாகாணத்தின் கடப்பை, தென்னார்க்காடு மாவட்டங்களிலும் இயற்கை நீலம் தரும் அவுரி பயிரிடப்பட்டது. பீகாரின் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள், போட்டி வாசலுக்கு வந்த பின்னரே வேதியியலாளர்களை அமர்த்தி, ஊறல் தொட்டிகளில் நிகழும் நொதித்தலை ஆராயத் தொடங்கினர்; புதிய விதைகளையும் முயன்றனர். அந்த ஆய்வுகள் தரமற்றவை அல்ல. ஆனால் வந்த அறிவைப் பெற்றுத் தொடர்ந்து வளர்க்கும் ஆய்வமைப்பை அவர்கள் முந்தைய பல தலைமுறைகளில் எழுப்பியிருக்கவில்லை. குறைந்த விலைக்கும் வற்புறுத்தலுக்கும் உட்பட்டுப் பயிரிட்ட உழவர்களின் உழைப்பே அவர்களுடைய இலாபத்துக்குப் போதுமானதாக இருந்தது.