ராயபுரத்தின் பழைய படங்களில் நம் மக்கள் எங்கே?

பழைய மெட்ராஸ் தெருப்படங்கள் இன்று எங்கும் பகிரப்படுகின்றன. அவற்றைப் பார்த்து ஓவியம் வரைகிறார்கள், கதை எழுதுகிறார்கள், சினிமாவுக்கு செட் போடுகிறார்கள். வடசென்னைப் பிள்ளைகளான நாமும் அவற்றிலிருந்து கலை செய்யலாம். அதற்கு முன்னால் அந்தப் படங்கள் எப்படி உருவாயின என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே ஆண்டில்தான் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டியும் தொடங்கியது. அன்றைய கேமராவில் ஒரு படம் பதியப் பல விநாடிகள் ஆகும். அசையாமல் இருப்பது மட்டுமே தெளிவாக விழும். தூணும் மாடமும் விழுந்தன. மூட்டை சுமந்து ஓடியவரும், மீன்கூடையோடு நடந்த அம்மாவும், தெரு பெருக்கியவரும் புகைபோல மங்கினார்கள், அல்லது காணாமலே போனார்கள். வெறிச்சோடிய தெரு என்று நாம் ரசிப்பது, பல நேரங்களில் வேலை நடந்துகொண்டிருந்த தெரு.

நம் மக்களை நிற்கவைத்து எடுத்த படங்களும் உண்டு. அவற்றில் முகம் இருக்கும், பெயர் இருக்காது. 'கூலிகள்', 'படகுக்காரர்கள்' என்பதோடு குறிப்பு முடிந்துவிடும். மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் மனிதர்களைச் சாதியின் மாதிரிகளாகப் படத்தோடு அடுக்கினார். கட்டடத்துக்குப் பெயர் கொடுத்த ஆவணம், அதைக் கட்டியவருக்குச் சாதியை மட்டும் கொடுத்தது.

ஆகவே அந்தப் படத்தை அப்படியே நகலெடுத்தால் அந்த விடுபடலையும் சேர்த்தே நகலெடுக்கிறோம். பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) 1970-களின் வடசென்னையை மறுபடி கட்டியபோது, துறைமுகத் தொழிலாளியான கபிலனை அதன் நடுவில் நிறுத்தியது. 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரான பழனிக்குமார், தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து பதிவு செய்கிறார். வடசென்னைப் பிள்ளைகளின் கையிலும் கேமராவைக் கொடுத்துப் பழக்குகிறார். எடுக்கப்பட்டவர்கள் எடுப்பவர்களாக மாறுவது வரலாற்றில் சின்ன விஷயம் அல்ல.

தெருக்கள் வேகமாக மறைகின்றன. 1970-இல் மின்சாரம் தரத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதன் புகையையும் சாம்பலையும் சுமந்த குடும்பங்களின் ஆல்பம் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது? நம் வீட்டுத் தகரப் பெட்டியில்தான். கல்யாணப் படம், சங்க ஊர்வலப் படம், வேலை அடையாள அட்டை எல்லாவற்றையும் வெளியே எடுப்போம். பெரியவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், தெரு, ஆண்டு, செய்த வேலை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுவோம். பிறகு அதைப் பார்த்து வரைவோம், எழுதுவோம்.