‘கிராண்ட் பிரீ’: பரிசின் பெயர் பந்தயத்தின் பெயரான வரலாறு

கஞ்சிக்கோட்டிலிருந்து வாளையாற்றைக் கடந்தால் கோவை. அதன் செட்டிப்பாளையத்தில் கார்ப் பந்தய வடிவமைப்பாளர் கரிவரதன் நினைவாக அமைந்த ஓடுதளம் உண்டு. இப்பகுதி இளைஞர் பலர் ‘கிராண்ட் பிரிக்ஸ்’ என்றே சொல்வர். பிரெஞ்சில் இச்சொல்லின் ஈற்று மெய் ஒலிப்பதில்லை. ‘பிரீ’ என்பதே நெருங்கிய ஒலிப்பு.

சொல்லின் பொருள் ‘பெரும்பரிசு’. ‘பிரீ’க்கு மூலமான இலத்தீன் சொல் விலை, கைம்மாறு இரண்டையும் குறித்தது. தமிழிலும் புலவர் பெற்றது பரிசில்; மணமகளுக்காகத் தருவது பரிசம். இவ்வொப்புமை சுவையானது, ஆனால் ஒலி ஒத்திருப்பதால் பிரீயும் பரிசும் ஒரே வேரின என்பது ஆராய்ச்சியாகாது.

1863இல் பாரீசின் லோன்ஷான் திடலில் பெருந்தொகைப் பரிசுடன் தொடங்கிய குதிரைப் பந்தயம் இப்பெயர் தாங்கியது. (முதல் ஆண்டிலேயே வென்றது ஆங்கிலேயக் குதிரை!) கார்ப் பந்தயத்தில் இப்பெயர் நிலைபெற்றதற்கு ஒரு மனத்தாங்கலே காரணம். கார்டன் பென்னட் கோப்பையில் நாட்டுக்கு மூன்று கார்களுக்கே இடம். எண்ணற்ற கார்த் தயாரிப்பாளர்களைக் கொண்ட பிரான்சு அதை அநீதியெனக் கருதியது. பிரெஞ்சு ஆட்டோமொபைல் கழகம் நாட்டுவரம்பை நீக்கி, 1906 சூன் 26, 27 நாள்களில் லெ மான் நகரில் தனிப் பந்தயம் நடத்தியது. பரிசு 45,000 பிராங்கு. ரெனோ காரில் வென்றவர் அங்கேரியில் பிறந்த ஃபெரென்ஸ் சிஸ்.

காலப்போக்கில் பரிசு பின்னொதுங்கி, பெயர் பந்தயத்துக்கே உரித்தாயிற்று. 2005இல் இண்டியானாபொலிசில் நான்காவதாக வந்த கோவையின் நரேன் கார்த்திகேயன் ‘பெரும்பரிசு’ எனும் பெயருடைய அப்போட்டியில் ஈட்டியது 5 புள்ளிகள்.