உரிமமும் உரிமையும்: ரைஸ் பல்கலைக்கழக மாணவர் வானொலியின் அலைவரிசை வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1945ஆம் ஆண்டு பண்பலை ஒலிபரப்பிற்குரிய எல்லை மாற்றி வகுக்கப்பெற்றபோது, 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 20 அலைவரிசைகள் வணிக நோக்கற்ற கல்வி ஒலிபரப்பிற்கென ஒதுக்கப்பெற்றன. இவ்வொதுக்கீடு கல்லூரி வானொலிக்கு வணிக நிறுவனங்களிடமிருந்து காப்பளித்தது. ஆயின் பிற கல்வி நிறுவனங்களிடமிருந்து அதனைக் காக்கும் ஆற்றல் இதற்கு இருந்ததா என்பது ஆராயத்தக்கது.

1948இல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 10 வாட் ஆற்றலுடைய சிறு நிலையங்களுக்கு இசைவளித்தது. கல்லூரி வளாகங்களில் மாணவர் வானொலி பெருக இதுவே வழிவகுத்தது. 1978இல் நிலை மாறியது. ஆற்றலை 100 வாட்டாக உயர்த்தாத நிலையங்கள் தம் அலைவரிசைக்குரிய பாதுகாப்பை இழக்கும் என ஆணையம் விதித்தது. பெரிய பொது வானொலிகளுக்கு இடம் தேவைப்பட்டதே இதன் காரணமாகும்.

எனினும், ஆற்றல் மிகுந்த நிலையமும் காப்புடையதன்று என்பதற்கு ஹூஸ்டன் நகரின் கே.டி.ஆர்.யூ. சான்றாகிறது. 1967இல் ரைஸ் பல்கலைக்கழக விடுதியில் தோன்றிய இவ்வானொலி, 1971இல் பண்பலைக்கு வந்தது. 91.7 மெகாஹெர்ட்ஸில் ஒலித்த இது, 1991இல் 50,000 வாட் ஆற்றலைப் பெற்றது. வணிக வானொலிகள் புறக்கணித்த இசையை நகர மக்களுக்கு வழங்கிய அவ்வாற்றலே, பின்னர் அதனை விலைமதிப்புள்ள சொத்தாகவும் ஆக்கியது.

2000ஆம் ஆண்டிறுதியில், விளையாட்டு ஒலிபரப்புத் தொடர்பான பிணக்கினால் நிருவாகம் நிலையத்தைச் சில நாட்கள் மூடியது. உரிமம் யாருடையது என்பதை இந்நிகழ்வு முன்னரே உணர்த்தியது எனலாம். 2010 ஆகஸ்டில் உரிமம், அலைவரிசை, ஒலிபரப்புக் கோபுரம் ஆகியவற்றை 95 இலட்சம் டாலருக்கு ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திற்கு விற்கும் முடிவு வெளியாயிற்று. மாணவர்களைக் கலந்தாலோசிக்காமலேயே பேச்சுகள் நிகழ்ந்திருந்தன. மாணவர்களும் நேயர்களும் ஆணையத்திடம் மறுப்பு மனு அளித்தனர்.

சட்டம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. உரிமதாரர் பல்கலைக்கழகமேயன்றி மாணவர் அல்லர். வாங்குவோரும் கல்வி நிறுவனத்தினரே. நிகழ்ச்சி வகை மாறுவதை ஆணையம் ஆராயத் தேவையில்லை என்னும் கொள்கையை உச்ச நீதிமன்றம் 1981லேயே ஏற்றிருந்தது. 2011 ஏப்ரலில் விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்தது. அம்மாதம் 28ஆம் நாள் மாணவர் ஒலிபரப்பு அவ்வலைவரிசையில் நின்றது. அங்குச் செவ்வியல் இசை ஒலிக்கத் தொடங்கியது.

அதுவும் நிலைக்கவில்லை. 2016இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகம் அவ்வலைவரிசையைக் கிறித்தவ ஒலிபரப்பு அமைப்பு ஒன்றிற்கு ஒரு கோடி டாலருக்கு விற்றது. இதற்கிடையே 2015இல் மாணவர் வானொலி 96.1 மெகாஹெர்ட்ஸில் மீண்டும் எழுந்தது. எனினும் அது பெற்றது, 100 வாட்டை மிஞ்சலாகாத குறையாற்றல் உரிமமேயாகும்.

இரு விற்பனைகளிலும் 1945ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டு விதி மீறப்படவில்லை. அவ்வலைவரிசை இன்றும் வணிக நோக்கற்றோர்க்கே உரியது. விதி காத்தது ஒலிபரப்பின் வகையை மட்டுமே. நாற்பது ஆண்டுகளாக அந்நிலையத்தை நடத்தியோரின் உரிமை உரிமத்தாளில் இடம்பெறவில்லை. இவ்வரலாறு புலப்படுத்தும் உண்மை இதுவேயாகும்.