ஆசாரக் கடுமையும் தளர்வும் (பெண்ணாடம், தில்லைச் சைவ மரபு)

சமய விதியை இம்மி பிசகாமல் காப்பதா, ஆளுக்கும் நிலைமைக்கும் தக்கபடி தளர்த்துவதா என்பது பல சமயங்களிலும் உள்ள பழைய வழக்கு. யூதர்களிடையே ஷம்மாய், ஹில்லேல் என்னும் ஆசிரியர்களின் பள்ளிகள் இதில் எதிரெதிராக நின்றன. பெரும்பாலும் தளர்த்திச் சொன்ன ஹில்லேல் தரப்பே நிலைத்தது. சைவத்தில் இதன் தடத்தைப் பெண்ணாடத்திலிருந்து சிதம்பரம் வரை பின்தொடரலாம்.

7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர், சமணத்தில் இருந்த உடம்போடு வாழ மனம் ஒப்பாமல், பெண்ணாடத்துத் திருத்தூங்கானைமாடத்தில் சூலக்குறியும் இடபக்குறியும் தம் தோளில் பொறிக்கும்படி வேண்டினார். அவர் கடுமை அவரோடு நின்றது. அதே ஊர் வணிகரான கலிக்கம்ப நாயனாரின் கடுமை அப்படி நிற்கவில்லை. முன்பு தம் வீட்டில் வேலை செய்து விலகிப்போனவர் அடியாராக வந்தபோது, மனைவி நீர் வார்க்கத் தயங்கினார். நாயனார் மனைவியின் கையை வெட்டிவிட்டுத் தாமே நீர் வார்த்து அடியாரின் கால் கழுவினார் என்கிறது பெரியபுராணம். அடியாரிடையே மேல் கீழ் இல்லை என்ற நெறி பெரிது; ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர் மனைவிதான். இதைச் சொல்லாமல் அந்த வரலாற்றைப் போற்ற முடியாது.

தளர்வுக்கு இலக்கணம் வகுத்ததும் இந்த மரபே. 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் பெண்ணாடத்தில் பிறந்தவர். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில் இருவகைத் தீக்கைகளை (குரு மாணவரை ஏற்று நெறிப்படுத்தும் சடங்குகளை)ச் சொல்கிறார். ஆசாரங்களை முழுதும் காக்க வல்லவர்களுக்குச் சபீசம். சிறுவர், முதியோர், நோயாளர், பெண்கள் போன்றோருக்கு நிர்ப்பீசம். பின்னதைப் பெற்றவர்களை நியமங்கள் கட்டா, முத்தியோ குறையாது. பெண்களை இயலாதோர் வரிசையில் வைத்தது அக்காலத்தின் குறை. ஆயினும் இயலாமையைக் குற்றமாக எண்ணாத மனம் இதில் தெரிகிறது.

இந்த வழக்கு முற்றியது உமாபதி சிவாசாரியார் வாழ்வில். சங்கற்ப நிராகரணத்தைச் சக ஆண்டு 1235இல் (கி.பி. 1313) இயற்றிய அவர், தில்லை எனப்படும் சிதம்பரத்துக் கோயிலில் பூசை செய்யும் தீட்சிதர்களில் ஒருவர். உமாபதியின் குருவும் அருணந்தியின் மாணவருமான மறைஞானசம்பந்தர் நெசவாளர் தெருவில் பாவுக்குக் காய்ச்சிய கஞ்சியைக் கையேந்திக் குடிக்க, முழங்கை வழியே ஒழுகியதை உமாபதி பருகினார். இது குலவிதிக்கு மாறானது என்று தீட்சிதர்கள் அவரை விலக்கிவைத்தனர். அவர் கொற்றவன்குடியில் தங்கினார். பின்னர், விறகு கொண்டுவந்த பெற்றான் சாம்பானுக்கு முத்தி தரும் தீக்கை அளித்தார் என்றும், உமாபதி இல்லாத கோயில் திருவிழாவில் ஏறாத கொடி அவர் கொடிக்கவி பாடியதும் ஏறியது என்றும் மரபு சொல்லும். குலவிதியில் தளர்ந்த உமாபதி குருபக்தியில் இம்மியும் தளரவில்லை. அவரைக் கட்டுப்பாடற்றவர் என்று எண்ணுவது பிழை.

சிதம்பரத்தில் வழக்கு ஓயவில்லை. அங்கே தேவாரம் பாட அனுமதித்த அரசாணைக்குப் பின் 2008 மார்ச்சில் ஓதுவார் ஆறுமுகசாமி சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடினார். 2022 மே மாதம், பக்தர்கள் கனகசபையில் ஏறி வழிபடலாம் என்று அரசு ஆணையிட்டது. தீட்சிதர்கள் அதைத் தங்கள் மரபில் தலையிடுவதாகக் கண்டு எதிர்த்தனர்.