விலா எலும்பில் ஏறிய பாட்டு

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து எலும்பைத் தேடாதவர் நம்மில் யாருமில்லை. அதே படத்தை வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, கிராமபோனில் சுழலவிட்டுப் பாட்டுக் கேட்ட ஒரு தலைமுறை சோவியத் ஒன்றியத்தில் இருந்தது. ரஷ்யாவில் ராக் இசை வேர்பிடித்த கதையைச் சொல்லச் சொன்னால், நான் கிதாரில் தொடங்கமாட்டேன். இந்தத் தட்டில்தான் தொடங்குவேன். அங்கே அந்த இசையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் படியெடுத்தவர்கள். பாடியவர்களில் பலருக்குத் தங்கள் பாட்டு அங்கே ஒலிக்கிறது என்பதே தெரியாது.

1895 டிசம்பரில் ஜெர்மானிய இயற்பியலாளர் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் அதில் கிடந்த மோதிரமும் தெரிந்தன. பிறகு மருத்துவமனைகள் கண்ணாடித் தகட்டை விட்டு ஃபிலிமுக்கு மாறின. ஃபிலிம் வளையும், கூரிய ஊசியால் கீறினால் கீறல் நிலைக்கும். அந்தக் கீறலில் ஒலியை ஏற்றலாம் என்பது 1930களிலேயே ஹங்கேரியில் சிலருக்குத் தெரிந்திருந்தது. மிச்ச வேலையைப் போர் செய்தது. ஜெர்மனியிலிருந்து செம்படையினர் எடுத்துவந்த பொருள்களுக்கு நடுவே, தட்டில் ஒலியைச் செதுக்கும் டெலிஃபுங்கன் இயந்திரம் ஒன்று லெனின்கிராடு வந்து சேர்ந்தது.

1946இல் ஸ்தனிஸ்லாவ் ஃபிலோன் என்பவர் நெவ்ஸ்கி பெருஞ்சாலையில் அதை வைத்துக் கடை திறந்தார். ஊரறிந்த தொழில், வாடிக்கையாளரின் குரலை வாழ்த்தாகப் பதிந்து கொடுப்பது. கடை அடைத்த பிறகு வேறு பாட்டுகள் தட்டில் ஏறின. ஜாஸ் மட்டுமல்ல, நாட்டுக்கு வெளியே வாழ்ந்த பியோத்தர் லெஷ்சென்கோ போன்றவர்கள் பாடிய உருக்கமான ரஷ்யப் பாட்டுகளும்தான். போரில் பிள்ளைகளையும் வீட்டையும் இழந்த ஜனங்களுக்கு அந்தக் குரல்கள் தேவைப்பட்டன. அரசுக்கோ அவை எதிரியின் குரல்கள். 1949 வாக்கில் சாக்ஸஃபோனைக்கூடப் பறிமுதல் செய்யுமளவுக்குக் கெடுபிடி ஏறியது.

அந்தக் கடைக்கு ருஸ்லான் பகஸ்லோவ்ஸ்கி என்ற இளைஞர் வந்துபோய்க்கொண்டிருந்தார். இயந்திரத்தைக் கண்ணாலேயே அளந்தார்; வீட்டுக்குப் போய்த் தாமே ஒன்றைச் செய்துவிட்டார். போரிஸ் தைகினுடன் சேர்ந்து தம் கூடத்துக்கு ‘தங்க நாய்’ என்று பெயர் சூட்டினார். ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ முத்திரையில் குழாய் முன் உட்கார்ந்திருக்குமே, அந்த நாயின் உறவுதான் இது.

தட்டுக்கான கச்சாப்பொருள் மருத்துவமனைகளில் கிடந்தது. பழைய எக்ஸ்ரே படங்கள் எளிதில் தீப்பற்றும். அவற்றைக் குவித்து வைக்கப் பயந்த ஊழியர்கள், யாராவது கொண்டுபோனால் சரி என்று கொடுத்துவிட்டார்கள். நகம் வெட்டும் கத்தரியால் படத்தை வட்டமாக நறுக்குவார்கள்; எரியும் சிகரெட்டின் முனையால் நடுவில் துளை போடுவார்கள். ஒரு பக்கம் மட்டுமே பதிவு, நிமிடத்துக்கு 78 சுற்று. பாட்டு மூன்று நிமிடம் என்றால் ஒரு தட்டைச் செதுக்கவும் மூன்று நிமிடம். ஒரே நேரத்தில் பத்து, நூறு என்று அச்சடிக்க வழியே இல்லை. சில முறை ஓட்டினாலே தேய்ந்து, இரைச்சலுக்கு அடியில் பாட்டு அமுங்கிப்போகும். யாரோ ஒருவரின் மார்புக்கூட்டின் மேல் ஊசி ஓடும் இந்தத் தட்டுகளை மக்கள் ‘விலா எலும்புகள்’ என்றே அழைத்தார்கள்.

கோட்டுக் கைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டு தெருமுனைகளில் விற்றார்கள். முகப்பு அட்டை கிடையாது, விற்றவனிடம் திரும்பிப் போகவும் முடியாது. ஆகவே ஏமாற்றும் உண்டு. ஆசையாக வாங்கிப் போட்டால் சில நொடி ஜாஸ் கேட்கும், அப்புறம் ரஷ்ய மொழியில் கேட்டவரைத் திட்டும் குரல் வரும். 1950இல் ‘தங்க நாய்’ கூட்டத்தார் கைதானார்கள். 1953இல் ஸ்டாலின் இறந்ததும் வந்த பொதுமன்னிப்பில் விடுதலையானார்கள். வந்ததும் பழையபடி செதுக்கத் தொடங்கினார்கள். பகஸ்லோவ்ஸ்கி பிறகும் சிறை சென்றார், மீண்டு வந்தார், மீண்டும் செதுக்கினார். எந்த மேடையிலும் ஏறாத இந்த மனிதரை ரஷ்ய ராக்கின் முதல் நாயகர் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

தட்டுகளை வாங்கியவர்களில் ‘ஸ்திலியாகி’ என்ற இளைஞர் கூட்டம் தனியாகத் தெரிந்தது. குழாய்க் கால்சட்டை, தடித்த அடிப்பாகம் வைத்த காலணி, கண்ணைப் பறிக்கும் கழுத்துப்பட்டை. ‘குரோக்கதீல்’ என்ற அரசுச் சார்பு நகைச்சுவை ஏடு 1949இலேயே இவர்களைக் கேலிசெய்து எழுதியது. ஆனால் 1957இல் மாஸ்கோவில் உலக இளைஞர் விழாவை நடத்தியது அரசேதான். 30,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டு இளைஞர்கள் ஜீன்ஸும் ஜாஸுமாக வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு அமெரிக்க ராக் பாடகர்களான எல்விஸும் பில் ஹேலியும் எலும்பில் ஏறுவதை யாராலும் தடுக்க முடியவில்லை.

தடைக்குத் தப்பிய தட்டுகளுக்கு முடிவுகட்டியது அரசே தயாரித்து விற்ற நாடா ஒலிப்பதிவுக் கருவி. 1960களில் அது வீடுகளுக்குள் வந்ததும் யார் வேண்டுமானாலும் படியெடுக்கலாம் என்றாகிவிட்டது. படியிலிருந்து படி, அதிலிருந்து இன்னொரு படி. பாடகர் விளாதிமிர் விசோத்ஸ்கியின் கரகரத்த குரல் இப்படித்தான் நாடெங்கும் போனது. பீட்டில்ஸும் இந்த வழியில்தான் வந்தார்கள். எலக்ட்ரிக் கிதார் கிடைக்காத பையன்கள் தெரு டெலிஃபோன் கூண்டுகளில் ரிசீவரைக் கழற்றி, அதன் உள்பாகத்தைக் கிதாரில் பொருத்திக்கொண்டார்கள்; நகரத்தில் எத்தனையோ டெலிஃபோன்கள் ஊமையாயின. அரசு இசைத்தட்டு நிறுவனமான மெலோதியாவும் படியெடுத்த கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. 1967இல் அது வெளியிட்ட தொகுப்புத் தட்டு ஒன்றில் பீட்டில்ஸின் ‘கேர்ள்’ பாட்டு இருந்தது. உறையில் ‘ஆங்கில நாட்டுப்புறப் பாடல்’ என்று போட்டிருந்தார்கள். அனுமதி கேட்கும் கட்டாயம் அப்போது இல்லை; சர்வதேசக் காப்புரிமை உடன்படிக்கையில் சோவியத் ஒன்றியம் சேர்ந்தது 1973இல்தான்.

பையன்கள் சொந்தப் பாட்டுக் கட்டத் தொடங்கியபோதும் அதைப் பரப்பியவை இதே நாடாக்கள். லெனின்கிராடில் ஆந்த்ரேய் த்ரோபில்லோ என்பவர் சிறுவர் மன்றம் ஒன்றில் ஒலிப்பதிவு வகுப்பு நடத்தினார். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அங்கே ‘அக்வாரியம்’, ‘கினோ’ குழுக்கள் பதிவு செய்தன. 1981இல் வந்த ‘அக்வாரியம்’ தொகுப்புக்கு, நாடாப் பெட்டியின் மேல் புகைப்படத்தைக் கையால் ஒட்டி முகப்பு செய்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் ரூபின்ஸ்டைன் தெருவில் லெனின்கிராடு ராக் மன்றம் திறந்தது. பாடுவதற்கு முன் வரிகளை அதிகாரிகளிடம் காட்டி ஒப்புதல் வாங்கவேண்டியிருந்தது. ரகசியப் போலீஸின் கண்ணும் மன்றத்தின் மேல் இருந்தது. வேலையில்லாமல் இருப்பது குற்றம் என்பதால் பாடகர்கள் இரவுக் காவலுக்குப் போனார்கள், கரி அள்ளினார்கள். ‘கினோ’வின் விக்தர் த்ஸோய், தேசமே கேட்கும் பாடகராகிக்கொண்டிருந்த நாள்களில் ஒரு கொதிகலன் அறையில் கரி தள்ளிக்கொண்டிருந்தார்.

பிறகு கடத்தலின் திசை திரும்பியது. ஜோவான்னா ஸ்டிங்ரே என்ற அமெரிக்க இளம்பெண் 1984இல் லெனின்கிராடு வந்தார், இந்தக் குழுக்களுடன் நட்பானார், அவர்களுடைய நாடாக்களை ஒளித்து எடுத்துப் போனார். 1986 ஜூனில் அவற்றிலிருந்து உருவான ‘ரெட் வேவ்’ தொகுப்பு அமெரிக்காவில் வெளியானது: இரண்டு தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு குழு. வெளிநாட்டில் விற்பதை உள்நாட்டில் எப்படி மறைப்பது? சிறிது காலத்தில் மெலோதியாவே ‘அக்வாரியம்’ தட்டை வெளியிட்டது.

1987 கோடையில் இங்கிலாந்தில், பீட்டில்ஸில் ஒருவராக இருந்த பால் மெக்கார்ட்னி தம் இளமைக்கால ராக் அண்ட் ரோல் பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தார். எலும்புத்தட்டுக் காலத்துப் பாட்டுகள் அவை. அதை ரஷ்யாவிலிருந்து கள்ளத்தனமாக வந்த தட்டுபோல வெளியிட அவருக்கு ஆசை. அவருடைய நிறுவனம் சம்மதிக்கவில்லை. கடைசியில் 1988இல் மெலோதியாவே முறையான உரிமம் பெற்று, ரஷ்யத் தலைப்புடன், சோவியத் ஒன்றியத்தில் மட்டும் அதை விற்றது. லண்டனிலும் நியூயார்க்கிலும் பீட்டில்ஸ் ரசிகர்கள் அதைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருபவர்களிடம் பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள். 1991இல் உலகெங்கும் வெளியாகும்வரை அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை.