வாடல் நோயிலிருந்து தற்காப்பு நொதிகளுக்கு: டி. எஸ். சதாசிவனும் சென்னைத் தாவர உயிர்வேதியியல் ஆய்வு மரபும்

ஆய்வுச் சுருக்கம்

பருத்தி வாடல் நோய் குறித்துச் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் நிகழ்ந்த ஆய்வுகள், நோய்க்கிருமியைப் பெயரிடுவதோடு நின்றிருந்த தாவர நோயியலை உயிர்வேதியியல் நோக்கித் திருப்பின. அத்திருப்பத்தின் வரலாற்றையும், அது தற்காப்பு நொதிகள் பற்றிய இன்றைய ஆய்வுக்கு விட்டுச்சென்ற வினாவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: கரிசல், பருத்தி, வாடல் நோய், பியூசாரிக் அமிலம், தற்காப்பு நொதிகள்

முன்னுரை

சங்கரன்கோவில் தொடங்கிக் கிழக்கே கோவில்பட்டி வரை விரியும் கரிசல் வட்டாரத்தில் மானாவாரிப் பருத்தி நெடுங்காலப் பயிர். ஆங்கிலேயர் காலப் பஞ்சு வணிகத்தில் இத்தென்பகுதிப் பருத்திக்குத் ‘தின்னவெல்லி’ என்றே பெயர் வழங்கியது. இம்மண்ணின் நாட்டுப் பருத்தியான கருங்கண்ணிக்கு நேர்ந்த இடர்களுள் ஒன்று வாடல் நோய். மண்ணில் ஈரம் இருக்கும்போதே செடி வாடும். தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடுகள் தென்படும். நோய்க்குக் காரணமான பியூசேரியம் என்னும் பூஞ்சை மண்ணில் பல்லாண்டுகள் நிலைத்திருப்பதால், ஒரு முறை பற்றிய நிலத்தில் மறு பருவமும் பாதுகாப்பானதாக இல்லை. இந்தியாவில் இந்நோய் அமெரிக்கப் பருத்தியைவிட நாட்டுப் பருத்தியையே பெரிதும் தாக்கியது. ஆகவே இது கரிசல் உழவரின் வாழ்வோடு நேரடியாகப் பிணைந்த சிக்கலாயிற்று.

மண்ணிலிருந்து தொடங்கிய ஆய்வு

டி. எஸ். சதாசிவன் (1913–2001) இங்கிலாந்தில் மண்வாழ் பூஞ்சைகளை ஆராய்ந்து பயிற்சி பெற்றவர். கோதுமை வைக்கோலைச் சிதைக்கும் பூஞ்சைகளின் தொடர்வரிசை குறித்த அவரது கட்டுரை 1939இல் வெளியாயிற்று. பாசியியல் அறிஞர் எம். ஓ. பி. ஐயங்காருக்குப் பின் 1944இல் அவர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பேற்றார். பாசிகளின் வகைப்பாட்டில் பெயர்பெற்றிருந்த ஆய்வகம், அவர் காலத்தில் வேருக்கும் மண்ணுக்கும் பூஞ்சைக்கும் இடையிலான உறவை ஆராயும் களமாகவும் விரிந்தது.

முதற்கட்டத்தில் மண்ணின் தன்மையே ஆய்வுப்பொருள். எந்த மண்ணில் வாடல் மிகுகிறது, எதில் குறைகிறது என்பதை சி. வி. சுப்பிரமணியன் ஆராய்ந்தார். ஆர். கல்யாணசுந்தரம் முதலியோர் துத்தநாகம் போன்ற நுண்தனிமங்கள் பூஞ்சையின் வளர்சிதைமாற்றத்தில் பெறும் இடத்தை ஆராய்ந்தனர். மண்ணிலுள்ள உலோகங்களைப் பற்றிய இவ்வினா, செடிக்குள் நிகழும் வேதிவினைகளுக்கு அவர்களை இட்டுச்சென்றது.

வினாக்குறியோடு ஒரு தலைப்பு

செடி ஏன் வாடுகிறது என்பதற்கு இரு விளக்கங்கள் இருந்தன. பூஞ்சை நீர்க்குழல்களை அடைத்து நீரோட்டத்தைத் தடுக்கிறது என்பது ஒன்று. பூஞ்சை வெளியிடும் நஞ்சே செடியைக் கொல்கிறது என்பது மற்றொன்று. ஜப்பானில் 1934இல் யபுதாவும் உடன் ஆய்வாளர்களும் பியூசேரியத்திலிருந்து பியூசாரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்திருந்தனர். சுவிட்சர்லாந்தின் கெய்மன் நஞ்சுக் கொள்கையை வலியுறுத்தினார். ஆயினும் குடுவையில் வளர்க்கப்பட்ட பூஞ்சை ஒரு நஞ்சைச் சுரப்பதால் மட்டுமே, நோயுற்ற செடிக்குள்ளும் அது சுரக்கிறது என்று கொள்ள இயலாது. உயிருள்ள செடிக்குள் உருவாகி நோய்க்குக் காரணமாகும் நஞ்சை ‘விவோடாக்சின்’ எனப் பெயரிட்டு, அதற்கான வரையறைகளை 1953இல் டைமண்டும் வேகனரும் முன்வைத்தனர்.

1955இல் சென்னை ஆய்வகத்தின் கே. லட்சுமிநாராயணன், டி. சுப்பிரமணியன் ஆகியோர், வாடல் கண்ட பருத்திச் செடியிலேயே பியூசாரிக் அமிலம் இருப்பதை ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். பியூசாரிக் அமிலம் ஒரு விவோடாக்சினா என்ற வினாவாகவே அக்கட்டுரையின் தலைப்பு அமைந்தது. செடிக்குள் நஞ்சு இருப்பது வேறு, அந்நஞ்சே நோய்க்குக் காரணமாவது வேறு என்னும் தெளிவு அவ்வினாக்குறியில் அடங்கியுள்ளது.

நஞ்சும் நொதியும்

பியூசாரிக் அமிலம் செம்பு, இரும்பு முதலிய உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. தாவரத்தின் தற்காப்பு நொதிகளுள் ஒன்றான பாலிபீனால் ஆக்சிடேஸ் செம்பை மையமாகக் கொண்டது; பீனால்களைப் பூஞ்சைக்குத் தீங்கான குயினோன்களாக மாற்றுவது. இந்நொதியின் செயலைப் பியூசாரிக் அமிலம் தடுக்கிறது என்பது பின்னர் அறியப்பட்டது. ஆகவே நஞ்சை ஆராய்வதும் தற்காப்பை ஆராய்வதும் ஒரே சிக்கலின் இரு முகங்களாயின.

1961இல் கூக்கோலும் கானும் பினைல்அலனின் அம்மோனியா லையேஸ் நொதியை விவரித்தனர். பீனால் சேர்மங்களுக்கும் செல்சுவரை வலுப்படுத்தும் லிக்னினுக்கும் வழி திறப்பது அந்நொதியே. பெராக்சிடேஸ் லிக்னின் உருவாக உதவுகிறது. கைட்டினேசும் குளுக்கனேசும் பூஞ்சையின் செல்சுவரையே சிதைக்கின்றன.

தமிழ்நாட்டில் இத்துறையை அ. மகாதேவன் சென்னையிலும், பி. வித்யாசேகரன் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் வளர்த்தனர். வித்யாசேகரனின் நோயெதிர்ப்பு உடலியல் குறித்த ஆங்கில நூல் 1988இல் வெளிவந்தது. வேரில் குடியேறும் சூடோமோனாஸ் பாக்டீரியா செடியின் தற்காப்பைத் தூண்டுகிறது என்பது 1991இல் நெதர்லாந்தில் கார்னேஷன் செடியின் பியூசேரியம் வாடலில் நிறுவப்பட்டது. 1995இல் வித்யாசேகரனும் முத்தமிலனும் கொண்டைக்கடலை வாடலுக்கெதிராக இப்பாக்டீரியாவை டால்க் தூளில் கலந்து உழவர் பயன்படுத்தும் வடிவில் உருவாக்கிய முறையை வெளியிட்டனர்.

முடிவுரை

நோயுற்ற செடியிலோ தூண்டப்பட்ட செடியிலோ பெராக்சிடேஸ் முதலிய நொதிகள் உயர்வதைக் காட்டும் ஆய்வுகள் இன்று ஏராளம். ஆனால் நொதி உயர்ந்தது எதிர்ப்புக்குக் காரணமா, நோயின் விளைவா, காயத்தின் அடையாளமா என்பதை அளவீடு மட்டும் தீர்மானிப்பதில்லை. எதிர்ப்புத்திறன் உள்ள வகையையும் அற்ற வகையையும் ஒப்பிட்டும், நொதி உயரும் காலத்தைப் பூஞ்சை பரவும் காலத்தோடு பொருத்தியும், நொதியைத் தடுத்தால் எதிர்ப்பு குன்றுகிறதா எனச் சோதித்தும் அதனைத் தெளிய வேண்டும். 1955ஆம் ஆண்டுக் கட்டுரை நஞ்சைக் குறித்து எழுப்பிய வினா, இன்று நொதியைக் குறித்து எழுப்பப்பட வேண்டியுள்ளது. சதாசிவன் வளர்த்த ஆய்வகம் விட்டுச்சென்ற கொடையாக அவ்வினாவையே கொள்ளலாம். அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே, ஆய்வகத்தில் உயரும் எண் கரிசல் நிலத்துச் செடியைக் காக்குமா என்பது முடிவாகும்.