கீழக்கரைப் பள்ளிவாசலும் தமிழக மரபும்

இஸ்லாம் படையெடுப்பினால் தமிழகத்திற்கு வந்த சமயம் என்னும் எண்ணம் நம் சபைகளிலும் நிலவுகின்றது. மாலிக் காபூர் மதுரைக்கு வந்தது கி.பி. 1311இல். அதற்கு முன்னரே, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டி நாட்டுக் காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோ குறித்துள்ளார். வாளுக்கு முன் வணிகம் வந்தது என்பதை வரலாறு தெளிவாக்குகின்றது.

அவ்வணிக மரபின் சான்றாக இராமநாதபுரம் மாவட்டக் கீழக்கரையில் கற்பள்ளிவாசல் ஒன்று நிற்கின்றது. சேதுபதிகள் ஆண்ட 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி இதனை எழுப்பியதாக மரபு கூறும். கோயில் மண்டபங்களில் நாம் காணும் கருங்கல் தூண்களும் போதிகைகளும் தட்டையான கூரையும் இங்கும் உள்ளன. தெய்வ உருவங்கள் மட்டும் இல்லை. அவற்றினிடத்தில் பூக்களும் கொடிகளும் செதுக்கப்பட்டுள்ளன. கட்டடக் கலை தமிழ்நாட்டினது. தொழுகையின் திசையோ மக்காவை நோக்கியது. ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

சொற்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல் முஸ்லிம்களின் ஆலயத்திற்குப் பெயராயிற்று. தொழுகை, நோன்பு ஆகியனவும் பழந்தமிழ்ச் சொற்களே. சீதக்காதியின் ஆதரவைப் பெற்ற உமறுப் புலவர், தம் சீறாப்புராணத்தில் அரபு நாட்டையே தமிழ்க் காப்பிய முறைப்படி நீர்வளமும் வயல்வளமும் மிக்க நாடாகப் பாடினார். பின்னர் வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயாவைத் தமிழ் நிலமாகக் காட்டியதையும் இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். இரு சமயத்தாரும் ஒரே காப்பிய மரபின் வழியே தத்தம் விசுவாசத்தை எடுத்துரைத்தனர்.

இது நமக்கு வெறும் பழங்கதையன்று. திருப்பூர், கணியூர் போன்ற ஊர்களில் ஊழியம் செய்யும் ஆயர்கள், கிறிஸ்தவம் அந்நியச் சமயம் என்னும் குற்றச்சாட்டைக் கேட்டிருப்பர். அதற்கு மறுமொழியாக நம் தமிழ்த் தொண்டை எடுத்துக்காட்டுகிறோம். அதே குற்றச்சாட்டு முஸ்லிம் அயலார்மேல் சுமத்தப்படும்போது நாம் மௌனமாயிருப்பது தகுமா? அயலானுக்கு எதிரான பொய்ச்சாட்சியை யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் விலக்குகின்றது. ஒரு சமூகத்தின் வரலாற்றைத் திரித்துரைப்பதும் பொய்ச்சாட்சியே.

ஆகவே, நம் பிரசங்கத்திலும் ஞாயிறு பள்ளியிலும் அயலாரின் வரலாற்றை உள்ளபடி கூறக் கடமைப்பட்டுள்ளோம். சமயங்களுக்கிடையேயுள்ள வேறுபாடுகளை மறைக்க வேண்டுவதில்லை. உண்மையின்மேல் எழும் உரையாடலே நிலைநிற்கும்.